‘டால்’ என்றால் உயரமா, வீரமா? அரசம்பட்டி தென்னங்கன்று முதல் ‘டால் லீடர்’ வரை ஒரு சொல்லின் கதை

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி பக்கம் இருக்கும் அரசம்பட்டி, தென்னங்கன்று நர்சரிகளுக்குப் பேர்போன ஊர். ஊர் பெயரிலேயே ஒரு தென்னை ரகமும் இருக்கிறது. விவசாயிகள் அதை ‘அரசம்பட்டி நெட்டை’ என்கிறார்கள். வேளாண் ஆராய்ச்சியாளர்களின் ஆங்கிலப் பட்டியலில் அதன் பெயர் ‘அரசம்பட்டி டால்’. எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகாவின் துமகூரு மாவட்டத்து ரகம் ‘திப்டூர் டால்’. கேரளாவுக்கு ‘வெஸ்ட் கோஸ்ட் டால்’, நம்ம கரைக்கு ‘ஈஸ்ட் கோஸ்ட் டால்’.

‘டால்’னா உயரம். ஒன்றாம் வகுப்பிலேயே படிச்சாச்சு, இதில் விளக்குறதுக்கு என்ன இருக்குன்னு தோணலாம். இருக்கு. இந்தச் சொல் பிறந்தபோது அதற்கும் உயரத்துக்கும் சம்பந்தமே இல்லை. சுறுசுறுப்பு, பணிவு, அழகு, வீரம் என்று ஊர் சுற்றிவிட்டு, 1500-களில்தான் அது உயரத்துக்கு வந்து சேர்ந்தது. உயரத்தோடும் அது நிற்கவில்லை. புளுகு, பேராசை, தலைமை என்று இன்றைக்கும் அது நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஆங்கிலத்தில் இருந்து தமிழுக்குச் செய்தி வரும் வழியில் இந்தச் சொல் அடிக்கடி தடுக்கி விழுவதும் அதனால்தான்.

முதலில் கன்று வாங்குபவரின் பிரச்சினை

நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறு, ஏழு வருஷம் ஆகும். ஆனால் வந்துவிட்டால் தலைமுறை தாண்டி நிற்கும். கொப்பரைக்கும் எண்ணெய்க்கும் அதுதான் நல்லது. குட்டை ரகம் மூன்று, நான்கு வருஷத்திலேயே பாளை விடும். இளநீருக்கு ஏற்றது, ஆயுள் குறைவு. இரண்டையும் கலந்தால் இரண்டின் நல்ல குணமும் கிடைக்குமா என்று யோசித்து, 1930-களில் கேரளாவின் நீலேஸ்வரத்தில் ஒட்டுச் சேர்த்தார்கள். தென்னையில் வீரிய ஒட்டு என்ற பேச்சே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இந்த ஒட்டு ரகங்களுக்கு ஆங்கிலத்தில் சுருக்கப் பெயர் உண்டு. ‘டால்’ என்பதன் முதல் எழுத்து, ‘ட்வார்ஃப்’ என்பதன் முதல் எழுத்து, நடுவில் ஒரு பெருக்கல் குறி. எது முதலில் வருகிறதோ அது தாய், இரண்டாவது தந்தை. நெட்டையைத் தாயாக வைத்தால் ஒரு பெயர், குட்டையைத் தாயாக வைத்தால் வேறு பெயர். இரண்டும் வேறு வேறு கன்றுகள்.

இப்போது இதைத் தமிழில் எழுதிப் பாருங்கள். அதுவும் டி×டி. இதுவும் டி×டி! ஆங்கிலத்தின் இரண்டு தனி எழுத்துகளுக்கும் தமிழில் ஒரே எழுத்துதான். போர்டில் வெறுமனே ‘டி×டி கன்று’ என்று போட்டிருந்தால் தாய் எது, தந்தை எது என்று அதைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ‘நெட்டை×குட்டை’ என்று முழுசாக எழுதினால் இந்தக் குழப்பமே வராது. வாங்குபவர்கள் ‘தாய் மரம் நெட்டையா, குட்டையா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. தவறான கன்று என்று தெரிய வரும்போது நான்கைந்து வருஷம் போயிருக்கும். ஒட்டு ரகங்கள் பொதுவாகத் தண்ணீர், உரம், கவனிப்பு எல்லாம் சரியாகக் கிடைக்கும் தோப்புக்குத்தான் பரிந்துரைக்கப்படுகின்றன. பொள்ளாச்சி பக்கம் ஆழியார் நகரில் உள்ள ஆராய்ச்சி நிலையம் அரசம்பட்டி நெட்டையில் இருந்து தேர்வு செய்து வெளியிட்ட ரகத்தின் பெயர் ஏ.எல்.ஆர். 1. அது ஒட்டு இல்லை, நெட்டைதான்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் மெண்டலின் பட்டாணிச் செடி ஞாபகம் இருக்கா? நெட்டை, குட்டை என்று தமிழில் படித்துவிட்டு, நெட்டைக்கு ஆங்கிலத்தின் பெரிய ‘டி’, குட்டைக்கு அதே எழுத்தின் சின்ன வடிவம் போட்டோமே, அந்த எழுத்தும் ‘டால்’ என்ற சொல்லின் முதல் எழுத்துதான். ஆராய்ச்சியை 1866-ல் வெளியிட்ட மெண்டல் எழுதியது ஜெர்மன் மொழியில். அந்த எழுத்து ஆங்கிலப் பாடப்புத்தகங்கள் வழியாக நம்ம நோட்டுக்கு வந்தது.

பிறந்தபோது அர்த்தம் வேறு

‘டால்’ என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் அகராதிகள் காட்டும் மூலம் ‘கெடால்’ என்பது போன்ற ஒரு சொல். அர்த்தம்: வேகமான, தயாராக இருக்கிற, சொன்னதும் செய்கிற. ஜெர்மன் மொழியின் பழைய வடிவத்திலும் இதன் உறவுச் சொல் ஒன்று ‘வேகமான’ என்ற பொருளில் இருந்தது. இன்று வழக்கொழிந்துபோன கோத்திக் மொழியில் இதற்கு எதிர்ச்சொல் இருந்தது. அதற்குச் சொல்பேச்சு கேட்காதவன் என்று பொருள்.

ஆக, சொல்பேச்சு கேட்டுச் சட்டென்று வேலையை முடிக்கிற ஆள்தான் முதல் ‘டால்’ ஆள். நம்ம ஊரில் ‘சூட்டிகையான பையன்’ என்போமே, கிட்டத்தட்ட அது.

1300-களின் கடைசியில் எழுதிய சாஸர் இந்தச் சொல்லைப் பணிவு என்ற பொருளில் எடுத்தாண்டிருக்கிறார். காதலிக்கு அடங்கிப்போன ஒருவனைப் பற்றிச் சொல்லும் இடம் அது. அதே காலத்தை ஒட்டி ‘லட்சணமான’, ‘பார்க்க நன்றாக இருக்கிற’ என்ற பொருளும் சேர்கிறது. பிறகு ‘வீரமான’ என்ற பொருள். சண்டையில் நிற்கத் தெரிந்தவனை ‘கையில் டால்’ என்று சொல்லும் வழக்கு ஒன்று இருந்தது. ஆங்கிலேயர்கள் நம்ம ‘கைதேர்ந்தவர்’, ‘கைகாரர்’ என்ற சொற்களுக்கு இவ்வளவு பக்கத்தில் வந்த இடம் வேறு இருக்குமா தெரியாது!

ஷேக்ஸ்பியர் காலத்தில் பழைய பொருளும் புதிய பொருளும் ஒரே நேரத்தில் புழக்கத்தில் இருந்தன. அவர் இரண்டையும் வைத்து விளையாடுகிறார். ‘ட்வெல்ஃப்த் நைட்’ நாடகத்தில் சர் டோபி என்ற குடிகாரர், தன் நண்பர் ஆண்ட்ரூவை நாட்டிலேயே இவனைப்போல ‘டால்’ ஆள் கிடையாது என்கிறார். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று மரியா மடக்குகிறாள். ஆண்ட்ரூ ஒரு பயந்தாங்கொள்ளி. டோபி சொன்னது வீரம் என்றால் அது பச்சைப் பொய். உயரம் என்றால் அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. எப்படி எடுத்தாலும் சிரிப்பு. ‘ரோமியோ ஜூலியட்’டில் மெர்குஷியோ, வீரமானவன் என்பதற்கு இந்தச் சொல்லை நாகரிகத்துக்காகச் சொல்லிக்கொண்டு திரிபவர்களைக் கிண்டல் அடிக்கிறான். ‘ஆஸ் யூ லைக் இட்’ நாடகத்திலோ ரோசலிண்ட், தான் சராசரிப் பெண்களைவிட ‘டால்’ என்பதால் ஆண் வேஷம் போடுகிறாள். இது சந்தேகமே இல்லாமல் உயரம்தான்.

வீரம் எப்படி உயரம் ஆச்சு? வீரமும் லட்சணமும் உள்ள ஆள் என்றதும் மனதில் எழும் உருவம் பெரிய உடம்பு. குணத்தைச் சொன்ன சொல் மெதுவாக அந்த உருவத்தின் மேல் ஒட்டிக்கொண்டது. தமிழிலும் இது நடக்கிறது. ‘வாட்டசாட்டமான ஆள்’ என்றால் உயரமா, பலமா, அழகா என்று பிரித்துச் சொல்ல முடியுமா? ‘ஆஜானுபாகு’ என்ற சொல்லின் நேர்ப்பொருள் முழங்கால் வரை நீண்ட கை உடையவர். சாமுத்திரிகா லட்சணம். இன்று யாரும் கையை அளப்பதில்லை. பெரிய ஆள், அவ்வளவுதான்.

‘லாங் பாய்’ என்று சொன்னால் சிரிக்கலாமா?

சரி, 1500-களுக்கு முன்பு ஆங்கிலேயர்கள் உயரமான ஆளை எப்படிச் சொன்னார்கள்? ‘லாங்’ என்றார்கள். அதாவது நீளம். 1272 முதல் 1307 வரை இங்கிலாந்தை ஆண்ட முதலாம் எட்வர்டுக்குப் பட்டப்பெயரே ‘லாங்ஷேங்க்ஸ்’, நீளக்காலன். கவிஞர் லாங்ஃபெல்லோவின் குடும்பப் பெயரும் ஏதோ ஒரு உயரமான மூதாதைக்கு ஊர் வைத்த பட்டப்பெயரில் இருந்து வந்ததுதான்.

ஓசூருக்கு இது ஏன் முக்கியம்?

ஓசூர் என்ற பெயரே கன்னடம். ‘ஹொச ஊரு’, புது ஊர். தளி, தேன்கனிக்கோட்டை, பாகலூர் பக்கம் எல்லாம் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ, கடையில் தமிழ், வேலையில் மூன்றும் கலந்து என்று வாழும் குடும்பங்கள் நிறைய. கன்னடத்தில் உயரமான ஆளை ‘எத்தர’ என்றும் சொல்வார்கள், ‘உத்த’ என்றும் சொல்வார்கள். ‘உத்த’ என்பது நீளத்துக்கும் அதே சொல். கயிறும் உத்த, ஆளும் உத்த. தெலுங்கின் ‘பொடுகு’வும் அப்படித்தான். நீளமான கோலுக்கும் உயரமான பையனுக்கும் ஒரே சொல் போதும். தமிழில் நீளம் வேறு, உயரம் வேறு என்று பிரித்துவிட்டோம்.

அப்படி ஒரு வீட்டில் இருந்து வரும் குழந்தை ஆங்கில வகுப்பில் ‘ஹி இஸ் எ லாங் பாய்’ என்று சொன்னால் வகுப்பே சிரிக்கும். இன்றைய ஆங்கிலப்படி அது தப்புதான், திருத்தத்தான் வேண்டும். ஆனால் அந்தக் குழந்தை செய்தது, ஆங்கிலேயர்கள் பல நூற்றாண்டு செய்துகொண்டிருந்த அதே வேலை. அம்மா மொழியின் கணக்கு அதன் தலையில் சரியாக ஓடுகிறது என்றும் அர்த்தம். ‘இது உன் மொழியில் ஒரு சொல், இங்கிலீஷில் இரண்டு சொல்’ என்று ஒரு நிமிஷம் விளக்கிவிட்டால் அந்தக் குழந்தை அடுத்த முறை வாய் திறக்கப் பயப்படாது.

பேச்சுத் தமிழ் இன்னொரு வழியில் போனது. நாம் யாரையும் ‘டாலா இருக்கான்’ என்று சொல்வதில்லை. ‘நல்ல ஹைட்டு’ என்கிறோம், ‘ஹைட்டா இருக்கான்’ என்கிறோம். உயரம் என்ற பெயர்ச்சொல்லோடு ‘ஆ’ சேர்த்து ‘உயரமா’ என்போம் அல்லவா, அந்த அச்சில் ஹைட்டையும் வார்த்துவிட்டோம். ஓசூர் சிப்காட்டின் டூல் ரூம்களில் வேலை பார்ப்பவர்களுக்கு ‘ஹைட் கேஜ்’ தினசரிக் கருவி. அந்தச் சொல் கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. போதாக்குறைக்கு ‘டால்’ என்று தமிழில் சொன்னால் பாதிப் பேர் பொம்மை என்பார்கள், மீதிப் பேர் பருப்பு என்பார்கள். (ஓசூரில் பிரம்மாண்டத்தைக் குறிக்கும் இன்னொரு ஆங்கிலச் சொல்லும் இருக்கிறது. டைட்டன். கிரேக்கப் புராணத்தின் ராட்சதர்கள் பெயர். ஆனால் 1984-ல் தொடங்கிய வாட்ச் கம்பெனிக்கு அந்தப் பெயர் வந்தது டாடா இண்டஸ்ட்ரீஸ், தமிழ்நாடு ஆகிய பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து.)

நம்ம ‘நெடு’ என்ன ஆச்சு?

‘டால்’ குணத்தில் தொடங்கி உடம்புக்கு வந்தது. தமிழின் ‘நெடு’ எதிர்த்திசையில் போனது. அளவில் தொடங்கிப் பெருமைக்குப் போனது. தெலுங்கிலும் பழைய கன்னடத்திலும் ‘நிடு’ என்று இதன் உடன்பிறப்பு உண்டு.

முதலில் இதற்கு மேலே, பக்கவாட்டு என்ற பேதமே கிடையாது. நெடுஞ்சாலை தரையில் கிடக்கிறது. நெடுமரம் நிற்கிறது. நெடுங்காலம் நடக்கிறது. நெடுஞ்சாண்கிடையாக விழுபவர் உயரத்தைப் பூராவும் தரையில் வைத்துவிடுகிறார்! நெடில் என்பது உச்சரிக்க எடுக்கும் நேரம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தென்பெண்ணையின் குறுக்கே இருக்கும் அணைக்கட்டின் பெயர்கூட நெடுங்கல் அணைக்கட்டு. பாரூர் ஏரிக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் போகிறது.

பெருமைக்கு எடுத்துக்காட்டு தேட வெகுதூரம் போக வேண்டாம். 2004-ல் பிரிவதற்கு முன்பு கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டத்தோடு இருந்தது. தருமபுரிக்குப் பழைய பெயர் தகடூர். அதை ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவன் என்று பள்ளியில் படித்தோமே, அவன்தான். அந்தப் பெயரின் ‘நெடு’ அவன் எத்தனை அடி இருந்தான் என்று சொல்ல வந்தது அல்ல, பெரியவன் என்று சொல்ல வந்தது. இந்தப் பெயர் ஏட்டில் மட்டும் இல்லை, கல்லிலும் இருக்கிறது. திருக்கோவிலூர் பக்கம் ஜம்பை என்ற ஊரில் 1981-ல் கண்டுபிடிக்கப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டில் நெடுமான் அஞ்சி என்றே வெட்டியிருக்கிறார்கள். ஓசூரையும் கிருஷ்ணகிரியையும் தாண்டி ஓடும் அதே தென்பெண்ணைதான் அந்த வட்டாரத்துக்கும் ஆறு. பாண்டியர்களில் நெடுஞ்செழியன், சேரர்களில் நெடுஞ்சேரலாதன் என்று பட்டியல் நீளும். உலகளந்த திருமாலுக்கு நெடியோன் என்று பெயர். குள்ளமாக வந்து வளர்ந்தவன் என்பதால் அந்தப் பெயரில் உடம்பும் பெருமையும் சேர்ந்தே இருக்கின்றன.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது ‘நெடுமொழி’. புறத்திணை இலக்கணத்தில் கரந்தையில் வரும் ஒரு துறை ‘நெடுமொழி கூறல்’. வீரன் தன் ஆண்மையைத் தானே உயர்த்திப் பேசுவது. வஞ்சியிலும் ‘நெடுமொழி வஞ்சி’ உண்டு, பகைவர் முன் நின்று அப்படிப் பேசுவது. ஆங்கிலத்தில் ‘டால் டாக்’ என்று ஒரு தொடர் இருக்கிறது. மிகைப்படுத்தி அளப்பது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் அதுவும் நெடுமொழிதான்! ஆனால் குணம் வேறு. தமிழ் வீரன் சொன்னதைச் செய்து காட்ட வேண்டும், தவறினால் அவமானம். ‘டால் டாக்’ அளப்பவருக்கு அந்தக் கவலை கிடையாது. அமெரிக்காவில் 1840-களில் இந்த மிகைப் பொருள் பரவியது. ஒற்றை அடியில் காட்டை வெட்டிச் சாய்த்தவன் வகையறா கதைகளுக்கு ‘டால் டேல்’ என்று பெயர் வந்தது அப்படித்தான்.

பேச்சில் வந்ததும் ‘நெடு’ தன் மரியாதையை இழந்தது. ‘நெட்டையன்’ கேலிப்பெயர். ‘நெட்டுரு’ என்றால் அர்த்தம் புரியாமல் மனப்பாடம். பாரதி பாஞ்சாலி சபதத்தில், அநியாயம் நடக்கும்போது கை கட்டிப் பார்த்த ஊர்மக்களை நெட்டை மரங்களோடு ஒப்பிடுகிறார். ஆங்கிலத்தில் வீரனைச் சொன்ன அதே உயரம், இங்கே கோழையைச் சொல்ல வந்து நிற்கிறது. குட்டையானவர்களையும் நாம் விட்டுவைத்தோமா என்றால் இல்லை. கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே என்று பழமொழி வைத்திருக்கிறோம். எதை வைத்து அப்படிச் சொன்னார்களோ!

ஒசரமும் ஒசத்தியும்

‘நெடு’ இறங்கிய இடத்துக்கு ‘உயர்’ ஏறியது. உயரமான மனிதன் என்றால் அடி, அங்குலம். உயர்ந்த மனிதன் என்றால் குணம். 1968-ல் வந்த சிவாஜி படத்துக்கு ‘உயரமான மனிதன்’ என்று தலைப்பு வைத்திருந்தால் யோசித்துப் பாருங்கள். பேச்சில் இந்தப் பிரிவு இன்னும் துல்லியம். ‘ஒசரம்’ அளவு. ‘ஒசத்தி’ தரம். ‘அவன் ஒசரம்’ என்றால் சண்டை வராது. ‘அவன் என்ன பெரிய ஒசத்தியா?’ என்றால் வரும்.

மனிதர்களைக் குறிக்க இலக்கணம் வைத்த பெயர் உயர்திணை. அதில் எல்லா மனிதர்களும் சேர்த்தி. அதே ‘உயர்’ சாதிக்கு முன்னால் வந்து உட்காரும்போது சில மனிதர்கள் மட்டும் மேலே, மற்றவர்கள் கீழே என்று ஆகிறது. எந்தக் கருவியாலும் அளக்க முடியாத உயரம் அது. ‘உயர்சாதி’ என்று எழுதும்போது மேற்கோள் குறி போடுவதா வேண்டாமா என்ற விவாதம் செய்தி அறைகளில் வருவதற்குக் காரணம் இதுதான். போடுவதுதான் சரி என்பது என் கருத்து. அந்தச் சொல்லுக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது, அந்தத் தீர்ப்பு செய்தி எழுதுபவருடையது இல்லையே.

‘டால் லீடர்’: மொழிபெயர்ப்பில் வழுக்கும் இடம்

இந்திய ஆங்கிலப் பத்திரிகைகள் படிப்பவர்கள் இந்தத் தொடரைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். ஒரு பெரிய அரசியல் தலைவர் மறைந்தால், அவர் ஒரு ‘டால் லீடர்’ என்று இரங்கல் குறிப்பு வரும். இங்கிலாந்துக்காரருக்கு இது சற்று வினோதமாகக் கேட்கும். ஆள் எத்தனை அடி என்று யோசிப்பார். நம்ம நாட்டு ஆங்கிலத்தில் அதற்கு அர்த்தம் ஆளுமை, மதிப்பு, பெரிய தலைவர். ஆங்கிலத்தில் 400 வருஷத்துக்கு முன்னால் மங்கிப்போன ‘மதிக்கத்தக்க’ என்ற வாசனை இந்தியாவில் மறுபடி முளைத்திருக்கிறது.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜி மெலிந்த தேகம் கொண்டவர். சுதந்திர இந்தியாவின் முதல் இந்திய கவர்னர் ஜெனரலும் கடைசி கவர்னர் ஜெனரலும் அவர்தான். அவர் அரசியலை ஏற்காதவர்கள்கூட இந்திய ஆங்கிலத்தில் அவரை ‘டால் லீடர்’ என்று எழுத மறுக்க மாட்டார்கள். பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி குள்ளமானவர், அவரும் ‘டால் லீடர்’. காமராஜர் இரண்டு கணக்கிலும் உயரம்.

இதை மெஷின் மொழிபெயர்ப்பில் போட்டால் ‘உயரமான தலைவர்’ என்று வந்து விழ வாய்ப்பு உண்டு. இரங்கல் செய்தியில் அது வெளியாகிவிட்டால் குடும்பத்தாருக்கும் தொண்டர்களுக்கும் எப்படி இருக்கும்? ‘மாபெரும் தலைவர்’, ‘மூத்த தலைவர்’, ‘செல்வாக்கு மிக்க தலைவர்’ என்று இடத்துக்குத் தகுந்த மாதிரி எழுத வேண்டும்.

‘டால் கிளெய்ம்’ இன்னும் சிக்கலானது. ஒரு கட்சி ‘டால் கிளெய்ம்’ செய்தது என்று ஆங்கிலச் செய்தி சொன்னால் அதற்கு ‘பெரிய கோரிக்கை’ என்று பொருள் இல்லை. ‘நம்ப முடியாத அளவுக்கு மிகைப்படுத்திச் சொன்னது’ என்று பொருள். அதாவது எழுதியவர் அதை நம்பவில்லை. கோரிக்கை என்று தமிழில் எழுதினால் அந்தச் சந்தேகம் காணாமல் போய்விடும். தேர்தல் நேரத்தில் இது சின்ன விஷயம் இல்லை. ‘டால் ஆர்டர்’ என்றால் உயரமான உத்தரவு இல்லை, நிறைவேற்றக் கஷ்டமான காரியம். ‘இது நடக்கிற காரியமா?’ என்று பேச்சில் கேட்போமே, அந்தத் தொனி.

ஆஸ்திரேலியர்கள் ‘டால் பாப்பி’ என்று ஒன்று சொல்வார்கள். தோட்டத்தில் மற்ற செடிகளுக்கு மேலே தலை நீட்டிய கசகசாப் பூவை முதலில் வெட்டுவது போல, கூட்டத்தில் முன்னேறியவனைத் தட்டி உட்கார வைக்கும் மனப்பான்மை. ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதிய ஒரு மன்னன் கதையில் இருந்து வந்த உருவகம். பன்னாட்டு காபிக் கடையில் ‘டால்’ கேட்டால் வருவது வழக்கமான மூன்று அளவுகளில் சின்னது. இதற்கு ஷேக்ஸ்பியரிடம்கூட விளக்கம் இருக்காது.

அளவுகோல் முன்னால் நிற்பவர்கள்

சொல் எப்படி மாறினாலும் ஒரு இடத்தில் உயரம் வெறும் எண்ணாக மட்டும் நிற்கிறது. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் பொதுப்பிரிவு, பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு ஆண்களுக்குக் குறைந்தபட்சம் 170 செ.மீ. பட்டியல் சாதி, பழங்குடி ஆண்களுக்கு 167 செ.மீ. பெண்களுக்கு 159 செ.மீ., பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களுக்கு 157 செ.மீ. அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் மலைக் கிராமங்களில் இருந்து எழுத்துத் தேர்வு எழுதி, பாஸ் பண்ணி, மைதானத்துக்கு வரும் ஒருவருக்கு ஒரு செ.மீ. குறைந்தாலும் அன்றோடு முடிந்தது. ஓட்டம், கயிறு ஏறுதல் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

காவல் துறைக்கு உண்மையில் தேவைப்படும் ஆள் யார்? வேகமானவர், தயாராக இருப்பவர், சொன்னதைச் செய்பவர், பயப்படாதவர். பழைய ஆங்கில அகராதியில் ‘டால்’ என்பதற்கு இருந்த அர்த்தங்களின் பட்டியல் அப்படியே இதுதான். தேடுவது பழைய பொருளை, அளப்பது புதிய பொருளை. குணத்தை அளக்க டேப் கிடையாது என்பதால் உடம்பை அளக்கிறார்கள் என்று ஒரு நியாயம் சொல்லலாம். ஆனாலும் சமூகத்துக்குச் சமூகம், ஆணுக்கும் பெண்ணுக்கும் எண் மாறுகிறது என்பதே, அந்த எண்ணுக்கும் வேலைத்திறனுக்கும் நேரடி முடிச்சு இல்லை என்பதை விதி போட்டவர்களே ஒப்புக்கொண்டது மாதிரிதான்.

விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அறிவிக்கையின் ஆங்கில வடிவத்தில் அந்தக் கட்டத்துக்கு மேலே ‘ஹைட்’ என்றுதான் இருக்கும். செருப்பில்லாமல், வெறுங்காலில் நிற்க வைத்துத்தான் அளப்பார்கள். வீட்டுச் சுவரில் பென்சில் கோடு போட்டு அளந்ததை நம்பிப் போகாமல், மாவட்ட விளையாட்டு மைதானத்திலோ அரசு மருத்துவமனையிலோ இருக்கும் ஸ்டேண்டில் ஒருமுறை நின்று பார்த்துவிடுங்கள்.